கிக்ஸ்டார்ட்டர் கேமுக்கு நாலு பேர் சேர்ந்து 100 டாலர் போடலாமா?

கோத்தகிரி_பனிமூட்டம்:

வணக்கம் மக்களே. கோத்தகிரியில நாங்க நாலு பேர் ஒண்ணா கேம் ஆடுறவங்க. கிக்ஸ்டார்ட்டர்ல (புதுத் திட்டத்துக்கு ஜனங்ககிட்ட முன்கூட்டியே பணம் திரட்டுற தளம்) ஒரு ஓபன் வேர்ல்டு சர்வைவல் கேமுக்குக் கேம்பெயின் ஓடிட்டு இருக்கு. பேர் சொல்லல, விளம்பரம் மாதிரி ஆயிடும். ஐரோப்பாவுல ஏழு பேர் டீம். இலக்கு 60,000 டாலர், இப்ப 41,000 வந்திருக்கு, 12 நாள் பாக்கி. 18 மாசத்துல கேம் கைக்கு வரும்னு போட்டிருக்காங்க.

25 டாலர் கட்டினா ஒரு டிஜிட்டல் காப்பி. 100 டாலர் கட்டினா நாலு ஸ்டீம் கீ (ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில கேமைத் திறக்கிற கோடு), பீட்டா அனுமதி (முடியாத கேமை முன்கூட்டி ஆடிப் பார்க்க), கூடவே பெட்டியும் ஆர்ட்புக்கும். மொத்தம் 90,000 தாண்டினா கோ-ஆப் (பல பேர் சேர்ந்து ஆடுறது), ஒன்றரை லட்சம் தாண்டினா கன்சோல், ரெண்டு லட்சம் தாண்டினா வி.ஆர். டிரெய்லர் ரெண்டு நிமிஷம், செம. டெமோ கிடையாது.

கேம் வரலன்னா பணம் திரும்புமா? எதைப் பார்த்து நம்புறது? நம்ம ஊரு கார்டுல ஏதாவது சிக்கல் வருமா?

குன்னூர்_பல்சக்கரம்:

ப்ரோ, முதல்ல உங்க 100 டாலர் பேக்கையே திரும்பப் படிங்க. நாலு கீ வாங்குறது நாலு பேரும் சேர்ந்து ஆடத்தானே? ஆனா கோ-ஆப் 90,000 வந்தாத்தான். இலக்கே 60,000. அதாவது அவங்க சொன்னபடி, சொன்ன தேதியில கேமைக் கொடுத்தாலும் நீங்க நாலு பேரும் தனித்தனியா உட்கார்ந்து ஆட வேண்டியதுதான்.

அடுத்து பணம். கிக்ஸ்டார்ட்டர் கடை இல்ல. இலக்கைத் தொட்டாத்தான் கார்டுல பணம் எடுப்பாங்க, தொடலன்னா ஒரு பைசா போகாது. அந்த வகையில, இண்டிகோகோங்கிற இன்னொரு தளத்துல இருந்த ‘ஃபிளெக்ஸிபிள்’ முறையைவிட இது மேல். அதுல இலக்குல பாதி வந்தாலும் டீம் எடுத்துக்க முடிஞ்சது, பாதிப் பணத்துல பாதி கேம்கூட வராது. ஆனா கிக்ஸ்டார்ட்டர்ல கேம்பெயின் முடிஞ்சு பணம் டீம் கைக்குப் போயாச்சுன்னா தளத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, ரீஃபண்டும் அவங்க தர மாட்டாங்க. முடிக்க முடியலன்னா காரணம் சொல்லணும், செலவுக் கணக்கு காட்டணும், மிச்சத்தைத் திருப்பித் தரணும்னு விதிமுறையில இருக்கு. மிச்சம்னு ஒண்ணு இருந்தாத்தானே.

இப்ப அவங்க பட்ஜெட்டைப் போட்டுப் பார்ப்போம். 60,000 டாலர்ல தளத்துக்கு 5 சதவீதம். பேமென்ட் கட்டணம் 3 சதவீதம், அதோட பணம் போடுற ஒவ்வொரு ஆளுக்கும் 20 சென்ட். சுமாரா 55,000 கையில நிக்கும். பெட்டி, ஆர்ட்புக், தபால் செலவுக்கு 7,000 வச்சா 48,000. ஏழு பேர், 18 மாசம்: 126 ஆள்-மாசம். வகுத்தா ஆளுக்கு மாசம் 381 டாலர். ஐரோப்பாவுல வாடகைக்கே இது காணாது.

அப்போ மூணுல ஒண்ணு. வேற எங்கயோ இருந்து பணம் வருது. இல்ல, எல்லாரும் பகல்ல வேற வேலை பார்த்துட்டு ராத்திரி கோட் அடிக்கிறாங்க. இல்ல, ஆறு மாசத்துல காசு தீரும்னு அவங்களுக்கே தெரியாது. முதல் வகை தப்பே இல்ல. 2014ல கிங்டம் கம்: டெலிவரன்ஸ் டீம் 3 லட்சம் பவுண்டு கேட்டு 11 லட்சம் வாங்கினாங்க. அந்தப் பணத்துல கேமை முடிக்கப் போறதா அவங்க சொல்லவே இல்ல. ஆட ஆள் இருக்குன்னு முதலீட்டாளருக்குக் காட்டத்தான் கேம்பெயின். அதை வெளிப்படையாவும் சொன்னாங்க. 2018ல கேம் வந்துடுச்சு. உங்க டீம் அப்படி ஏதாவது எழுதியிருக்காங்களான்னு பாருங்க. இல்லன்னா கமென்ட்ல நேரா கேளுங்க: “மீதிப் பணம் யார் தர்றாங்க, ஒப்பந்தம் கையெழுத்து ஆயிடுச்சா?”

ஸ்ட்ரெட்ச் கோல்ல, அதாவது இலக்குக்கு மேல பணம் வந்தா கூடுதலா தர்றதா சொன்னதுல, இன்னும் பெரிய ஓட்டை இருக்கு. கோ-ஆப்புக்குன்னு கூடுதலா வர்ற 30,000ல கழிவு எல்லாம் போக 24,000 நிக்கும்னு வைங்க. ஆளுக்கு மாசம் 2,000 டாலர்னு குறைச்சுப் போட்டாலும் ஏழு பேருக்கு அது ரெண்டு மாசச் சம்பளம்கூட இல்ல. ஒத்தை ஆளுக்குன்னு எழுதின சர்வைவல் கேமுக்குள்ள பின்னாடி கோ-ஆப்பைத் திணிக்க ரெண்டு மாசம் எந்த மூலைக்கு? யார் மரத்தை வெட்டினது, யார் பெட்டியைத் திறந்தது, ஓநாய் யாரைத் துரத்துது, ரெண்டு பேர் ஒரே கல்லை எடுத்தா யாருக்குப் போகும், சேவ் யாரோட மெஷின்ல நிக்கும், எல்லாத்தையும் ஹோஸ்ட் (ஆட்டத்தை நடத்துற மெஷின்) பக்கமே தீர்மானிக்கிற மாதிரி மாத்தி எழுதணும். முதல் நாள்லயே அப்படி எழுதியிருந்தாத்தான் தப்பிக்கலாம். வி.ஆர். பத்தி நான் எதுவும் சொல்லல, அது போஸ்டருக்குப் போட்டது.

கூடலூர்_ஜூலைமழை:

கார்டு கேள்விக்கு மட்டும்.

விசா அல்லது மாஸ்டர்கார்டு வச்சுக்கோங்க. ரிசர்வ் வங்கி 2020ல போட்ட விதிப்படி புதுக் கார்டு உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வரும். பேங்க் ஆப்ல போய் ‘இன்டர்நேஷனல் ஆன்லைன்’ ஆன் பண்ணி, லிமிட்டை 110 டாலர் அளவுக்கு வைங்க. பணம் எடுத்து முடிஞ்சதும் ஆஃப். பணம் இன்னைக்குப் போகாது, கேம்பெயின் முடியற அன்னைக்குத்தான் போகும். அன்னைக்கு ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தா ஃபெயில் ஆகும். சரி பண்ண 7 நாள் டைம் தருவாங்க.

டாலர் ரேட்டுக்கு மேல ஃபாரெக்ஸ் மார்க்கப் பல கார்டுல 3.5 சதவீதம், அந்த மார்க்கப் மேல 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 100 டாலருக்கு 4.13 டாலர் தண்டம்.

பெட்டி வேண்டாம். தபால் கட்டணம் பெரும்பாலும் 100 டாலருக்குள்ள வராது, பின்னாடி பேக்கர்கிட் மாதிரி பிளெட்ஜ் மேனேஜர்ல (பணம் போட்டவங்ககிட்ட முகவரி, தபால் கட்டணம் எல்லாம் வாங்குற தளம்) தனியா கேட்பாங்க. பார்சல் தபால்ல வந்தா சென்னை ஃபாரின் போஸ்ட் ஆபீஸ்ல சுங்கவரி போட்டு அனுப்புவாங்க, போஸ்ட்மேன் கையில கட்டித்தான் வாங்கணும். கூரியர்னா கேஒய்சி கேட்டு மெயில் வரும், அதைக் கவனிக்காம விட்டா பார்சல் அங்கயே தூங்கும்.

சார்ஜ்பேக் (பேங்க் மூலமா கார்டு பணத்தைத் திரும்பக் கேட்கிறது) பத்தி யாரும் சொல்லல. பொருள் வரலன்னு டிஸ்ப்யூட் போட விசா விதியில, வர வேண்டிய தேதியில இருந்து 120 நாள். ஆனா மேல ஒரு உச்சவரம்பு இருக்கு: பணம் எடுத்த நாள்ல இருந்து 540 நாள். உங்க கேம் 18 மாசம்னா கிட்டத்தட்ட 548 நாள். டீம் குடுத்த தேதி வர்றதுக்கு முன்னாடியே உங்க கதவு சாத்திடும். வேணும்னே வச்சாங்கன்னு சொல்லல, ஆனா ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷம்னு போடுற எல்லா புராஜெக்ட்டுக்கும் இதுதான் கதி. 540க்குள்ள போட்டாலும், “இது வாங்கின பொருள் இல்ல, நிதி ஆதரவு”ன்னு அந்தப் பக்கம் எழுதிக் குடுத்தா பேங்க் கைவிட்டுடலாம்.

ஊட்டி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடலாமேன்னு யாராவது கேட்பீங்க. 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லதான். இந்தியாவுல ஆபீஸே இல்லாத ஸ்டுடியோ மேல ஆர்டர் வாங்கி அதை எங்க கொண்டு போய்க் காட்டுவீங்க?

பெருமாள்மலை_பிளம்ஸ்:

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் படிப்பவர்கள் கிரவுட்ஃபண்டிங் என்றாலே மோசடி என்று நினைத்துவிடக் கூடாது. இலக்கைத் தொட்ட எல்லா வகை கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களையும் எடுத்துக்கொண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் மோலிக் 2015ல் செய்த ஆய்வில், சொன்னதைக் கொடுக்காமல் போனவை 9 சதவீதம். தாமதம் அதில் சேராது; தாமதம்தான் இங்கே வழக்கம்.

ஒழுங்காக வந்தவற்றைப் பாருங்கள். எஃப்டிஎல் 2012ல் கேட்டது 10,000 டாலர், வந்தது 2 லட்சம். அதே வருடம் செப்டம்பரில் கேம் கையில். அண்டர்டேல் கேட்டது 5,000 டாலர், வந்தது 51,000; ஆடிப் பார்க்க டெமோ முன்பே இருந்தது. ஹாலோ நைட் 2014ல் கேட்டது 35,000 ஆஸ்திரேலிய டாலர், வந்தது 57,000 சொச்சம், கேம் 2017 பிப்ரவரியில். மூன்றுக்கும் பொது அம்சம்: இரண்டு பரிமாணம், கைவிரலில் எண்ணிவிடக்கூடிய ஆட்கள், சின்ன இலக்கு. அந்த ஹாலோ நைட்டிலும் ஒரு ஸ்ட்ரெட்ச் கோல் இருந்தது: இரண்டாவதாக ஒரு கதாபாத்திரத்தை வைத்து ஆடலாம். அது வளர்ந்து வளர்ந்து சில்க்சாங் என்று தனி கேமாகி 2025 செப்டம்பரில்தான் வந்தது. திறமையான, நேர்மையான டீமுக்கே இந்தக் கதை.

பணம் கூடுதலாக வந்தால் வேகமாக முடியும் என்பதும் தப்புக் கணக்கு. டபுள் ஃபைன் 2012ல் கேட்டது 4 லட்சம், வந்தது 33 லட்சம் டாலர். பணத்துக்கு ஏற்ப கேமைப் பெரிதாக்கினார்கள். அதே வருடம் அக்டோபரில் வரவேண்டிய புரோக்கன் ஏஜ், இரண்டாக வெட்டப்பட்டு முதல் பாதி 2014 ஜனவரியிலும் மறுபாதி 2015 ஏப்ரலிலும் வந்தது. ஸ்டார் சிட்டிசன் கதை ஊருக்கே தெரியும்: 2014ல் முடிப்பதாகச் சொல்லி 2012ல் தொடங்கியது, 70 கோடி டாலரைத் தாண்டி வசூல், இன்னும் ஆல்ஃபா, அதாவது முடியாத ஆரம்ப நிலைதான்.

செத்துப்போனவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். கிளாங் என்ற வாள்சண்டை கேம் 2012ல் 5.26 லட்சம் டாலர் வாங்கியது. புரோட்டோடைப் செய்தும் விட்டார்கள், ஆனால் ஆட சுவாரசியமாக இல்லை, அடுத்த கட்டத்துக்கு முதலீட்டாளரும் சிக்கவில்லை. 2014 செப்டம்பரில் மூடியதாக அறிவித்தார்கள். யோக்வென்ச்சர்ஸ் 5.67 லட்சம் டாலர்; ஸ்டுடியோவே சொன்ன கணக்குப்படி, ஒரு கலைஞருக்கு 35,000 டாலரை மொத்தமாகக் கொடுத்தார்கள், அவர் இரண்டே வாரத்தில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். ஒப்பந்தத்தில் திரும்ப வாங்க வழியில்லை. ஸ்டாம்பிங் லேண்ட் என்ற டைனோசர் சர்வைவல் கேம்தான் உங்களுடையதற்கு நெருக்கம்: 20,000 கேட்டு 1.14 லட்சம் வாங்கியது, 2014ல் ஸ்டீம் ஏர்லி ஆக்சஸில் (முடியாத கேமை விற்கும் பிரிவு) விற்பனைக்கும் வந்தது, பிறகு அப்டேட் நின்று, கடையிலிருந்தே காணாமல் போனது. இந்த மூன்றில் திருட்டு என்று சொல்ல எதுவும் இல்லாமலேகூடப் பணம் கரைந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட்டுக்கு முன்பணம் கொடுப்பவர் தோட்டத்தையாவது வந்து பார்த்துவிட்டுப் போவார்; நாம் டிரெய்லரை மட்டும் பார்க்கிறோம்.

அதனால் டிரெய்லரை ஒலியில்லாமல், பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரு காட்சி ஐந்து நொடிக்கு மேல் வெட்டில்லாமல் நிற்கிறதா? திரையில் உயிர் அளவு, பை, வரைபடம் ஏதாவது தெரிகிறதா, அல்லது கேமரா மலைமேல் பறந்துகொண்டே இருக்கிறதா? கதாபாத்திரத்தின் கை எதையாவது தொடுகிறதா? கோடரி மரத்தில் படும்போது மரம் விழுந்து, கட்டை பைக்குள் போகிறதா? ‘இன்-எஞ்சின்’ (கேம் எஞ்சினில் உருவாக்கிய காட்சி) என்று கீழே சிறு எழுத்தில் இருந்தால், அது கேம்ப்ளே என்று அர்த்தம் இல்லை. பாறையும் மரமும் பாசியும் காசு கொடுத்தால் அசெட் ஸ்டோரில் கிடைக்கும். ஒரு ஆள் ஒரு வாரத்தில் கண்ணைப் பறிக்கும் காடு போட்டுவிடலாம்.

டெமோ இல்லையென்றால் ஐந்து நிமிட வெட்டாத வீடியோ கேளுங்கள்: மரம் வெட்டி, பொருள் செய்து, சேவ் பண்ணி, கேமை மூடி, திரும்பத் திறந்து, எல்லாம் அதே இடத்தில் இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். டிரெய்லருக்காகக் கட்டிய கேமில் சேவ்-லோடு இருக்காது.

இன்னொன்று, அந்த டீமின் கிக்ஸ்டார்ட்டர் பக்கத்தில் முந்தைய திட்டங்கள் உண்டா, அவற்றின் கமென்ட் பகுதி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஏழு பேரில் ஒருவராவது கடைக்கு வந்த ஒரு கேமின் கிரெடிட்டில் இருக்கிறாரா? அது மொபைல் புதிர் கேமாக இருந்தாலும் சரி. முடிப்பது தனிக் கலை.

குன்னூர்காரர் சொன்ன 381 டாலரில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. கிழக்கு ஐரோப்பாவில் மாணவர்களும் பகுதி நேரக்காரர்களுமாகச் சேர்ந்தால் அந்தத் தொகையிலும் ஓட்ட முடியும்.

குன்னூர்_பல்சக்கரம்:

ஓட்டலாம் பிளம்ஸ், ஆனா பகுதி நேரம்னா 18 மாசம்னு போட்ட தேதி பொய். வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை பார்க்கிற ஆளை முழு ஆளா எண்ணி தேதி குறிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

கோத்தகிரி_பனிமூட்டம்:

அண்ணன்களுக்கு நன்றி. கோ-ஆப் விஷயம் நாங்க நாலு பேருமே கவனிக்கல!

கமென்ட்ல கேட்டேன், ஒரே நாள்ல பதில் வந்துடுச்சு. “ஒரு பப்ளிஷரோட பேச்சு நல்ல கட்டத்துல இருக்கு. டெமோ கேம்பெயின் முடிஞ்சதும் வரும். வீடியோ இதோ”ன்னு மூணு நிமிஷ கிளிப் போட்டாங்க. மரம் வெட்டுறது, தீ மூட்டுறது, ராத்திரி ஓநாய் வர்றது எல்லாம் இருக்கு. சேவ்-லோடு இல்ல. ஓநாய் ஒரு தடவை பாறைக்குள்ள புகுந்துடுச்சு. இப்ப என்ன பண்றது? கொஞ்சமா போட்டு வைக்கலாமா, இல்ல ஸ்டீம்ல ஏர்லி ஆக்சஸ் வந்தப்புறம் வாங்கினா பாதுகாப்பா?

பெருமாள்மலை_பிளம்ஸ்:

தம்பி, ஓநாய் பாறைக்குள் புகுந்தது நல்ல அறிகுறி. அது உண்மையான கேம்; சரிசெய்து காட்டும் வீடியோ என்றால் அந்த இடத்தை வெட்டியிருப்பார்கள். ஆனால் ‘பேச்சு நல்ல கட்டத்தில்’ என்றால் கையெழுத்து ஆகவில்லை என்று மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பெயினில் எவ்வளவு சேருகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று பப்ளிஷரும் காத்திருக்கக்கூடும்.

ஆர்வம் அடங்கவில்லை என்றால் 1 டாலர் போடுங்கள். எல்லா அப்டேட்டும் மெயிலில் வரும், பல டீம்கள் பின்னாடி பிளெட்ஜ் மேனேஜரில் மேல் நிலைக்கு மாறவும் விடுவார்கள். அப்டேட்டைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதல் ஆறு மாதம் மாதம் ஒன்று வரும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதற்குப் பிறகு வருவதில் ஓடும் கேம் எவ்வளவு, வரைந்த படமும் டி-ஷர்ட்டும் கண்காட்சிப் புகைப்படமும் எவ்வளவு என்று பாருங்கள். “எஞ்சினை மாற்றுகிறோம்” என்று ஒரு வருடம் கழித்து எழுதினால் தேதியை மறந்துவிடுங்கள். புரோகிராமர் விலகினார் என்ற வரி எங்காவது மூன்றாவது பத்தியில் ஒளிந்திருக்கும்.

நம் நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்டீமில் இந்தியாவுக்கு ரூபாய் விலை தனி. டாலர் விலையை அப்படியே மாற்றினால் வருவதைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் வைக்கிறார்கள். 25 டாலர் பிளெட்ஜும் மார்க்கப்பும் சேர்த்துக் கொடுப்பவர், கேம் வந்த அன்று யுபிஐயில் ரூபாய் கொடுத்து வாங்குபவரைவிட அதிகம் கொடுத்திருப்பார். ‘முன்கூட்டி போட்டால் மலிவு’ என்ற வாதம் அமெரிக்காக்காரருக்குத்தான்.

குன்னூர்_பல்சக்கரம்:

ஏர்லி ஆக்சஸ் கேள்விக்கு: கிக்ஸ்டார்ட்டரைவிட மேல், ஏன்னா ரீஃபண்ட் இருக்கு. வாங்கி 14 நாளுக்குள்ள, ஆடினது 2 மணி நேரத்துக்குள்ள இருந்தா திருப்பலாம். ஆனா முடிப்பாங்கன்னு அங்கயும் உத்தரவாதம் இல்ல, டீம் கேமை முடிக்காமலும் போகலாம்னு ஸ்டீமே எழுதி வச்சிருக்கு. கோடஸ் 2012ல கிக்ஸ்டார்ட்டர்ல 5.26 லட்சம் பவுண்டு வாங்கி, 2013ல ஏர்லி ஆக்சஸ் வந்து, பத்து வருஷம் முடியாமலே கிடந்து, 2023 டிசம்பர்ல ஸ்டீம்ல இருந்து எடுத்துட்டாங்க.

வாங்கும் முன்னாடி ஸ்டீம்டிபில (ஸ்டீம் கேம்களோட அப்டேட் விவரம் காட்டுற தளம்) அந்த கேம் பக்கத்தைத் திறந்து பேட்ச் தேதிகளைப் பாருங்க. ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு பில்டு (கேமோட புதுப் பதிப்பு) விழுந்தா வேலை நடக்குது. அறிவிப்பு மட்டும் வந்து பில்டு மாறலன்னா பேச்சு மட்டும்தான். 2025ல இருந்து ஒரு வருஷத்துக்கு மேல அப்டேட் இல்லாத ஏர்லி ஆக்சஸ் கேமுக்கு ஸ்டீம் கடைப் பக்கத்துலயே எச்சரிக்கை போடுறாங்க. டவுன்லோடும் யோசிங்க, இந்த மாதிரி கேம்ல ஒவ்வொரு பேட்ச்சும் ஜிபி கணக்குல வரும். ஐப்பசி மழையில கரண்ட் போய்ப் போய் வர்ற வாரத்துல டவுன்லோடு போட்டு ரெண்டு மணி நேரத்துல ஆடிப் பார்த்து முடிவு பண்றது கஷ்டம். 14 நாள் கணக்கு வாங்கின அன்னைக்கே ஓட ஆரம்பிச்சிடும்.

கூடலூர்_ஜூலைமழை:

100 டாலர் ஏற்கெனவே போட்டிருந்தா கேன்சல் பண்ணலாம், முடியற வரைக்கும் உரிமை இருக்கு. ஒரு விலக்கு: கடைசி 24 மணி நேரத்துல, நீங்க விலகினா மொத்தம் இலக்குக்குக் கீழ போகும்னா விட மாட்டாங்க. உங்க கேம் 60,000ஐ ஒட்டித்தான் முடியும் போல இருக்கு, அதனால இது உங்களுக்கு நேரா பொருந்தும். நாள் கணக்கு வைக்காம, பக்கத்துல காட்டுற முடிவு நேரத்தை இந்திய நேரத்துக்கு மாத்திக் குறிச்சு வச்சு, அதுக்கு ஒரு நாள் முன்னாடியே நாலு பேரும் பேசி முடிச்சிடுங்க.

முடிஞ்சப்புறம், டீம் திறந்து வச்சா, ‘லேட் பிளெட்ஜ்’னு (தாமதமா பணம் போடுறது) பொத்தான் வரும். அதுல அமுக்கின உடனே பணம் போயிடும்.